வள்ளல் இல்லாத பத்திரிகை

1

“அத்தா, யாரோட லாயாங்-லாயாங்கைப் பிடுங்கப் போறீங்க?” என்று என் மகள் செய்தூன் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள்.

லாயாங்-லாயாங் என்றால் மலாய் பாஷையில் காற்றாடி. நானும் என் மனைவி ஆமினாவும் சாப்பிட்டுக்கொண்டே பேசிக்கொண்டிருந்தோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க்காரர் சங்கத்தில் மஸ்தான் ராவுத்தருடைய பட்டத்தைப் பிடுங்கத் தீர்மானம் வருகிறது என்று நான் சொன்னேன். பினாங்கில் பிறந்து, இங்கிலீஷ் ஸ்கூலில் படித்து, தெருவில் மலாய் பேசி வளரும் பிள்ளைக்குத் தெரிந்த பட்டம் ஒன்றுதான். அது வாலோடு வானத்தில் பறப்பது.

ஆமினா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் முழுவதுமே எனக்கு எதற்கும் சிரிப்பு வரவில்லை. இது வேறே பட்டம், பேருக்கு முன்னால் போடுவது, உங்கள் ஊரில் டத்தோ, டான் ஸ்ரீ என்றெல்லாம் போடுகிறார்களே அந்த மாதிரி என்று விளக்கினேன். “உங்கள் ஊர்” என்று நானே சொல்லிவிட்டதை அப்புறம்தான் கவனித்தேன். அவள் திருச்சியை “உங்க ஊர்” என்கிறாள், நான் பினாங்கை “உங்கள் ஊர்” என்கிறேன். நடுவில் எங்கள் ஊர் என்று ஒன்று இல்லாமலே குடும்பம் நடக்கிறது.

“பேருக்கு முன்னாடி இருக்கிறதை எப்படிப் பிடுங்குவீங்க? கையிலயா வச்சிருக்காரு?”

சங்கத்தின் காரியதரிசி என்ற முறையில் இந்தக் கேள்விக்குப் பதிலை ஞாயிற்றுக்கிழமைக்குள் கண்டுபிடித்து, தமிழில் எழுதி, என் அச்சகத்திலேயே அச்சடித்துக் கொடுக்க வேண்டியவன் நான்தான். மஸ்தான் ராவுத்தரோ என் கூடப்பிறந்த தங்கச்சிக்கு மாமனார். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

2

நான் திருச்சியை விட்டு இங்கே வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கடை ரசீது, நபி புகழ் பாடும் மௌலூது நோட்டீஸ், கோவில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அடிப்பேன். காலையில் கடையைத் திறந்து, பக்கத்துச் சீனன் கடையில் காப்பி வாங்கிக் குடித்து, மை தடவ ஆரம்பித்தால் சாயங்காலம் மக்ரிபுத் தொழுகை வரைக்கும் தலை நிமிராது. எதிர் மாடியில்தான் எங்கள் சங்கம். திருச்சி ஜில்லாவில் பிறந்த யாரும் சேரலாம். பழைய டவுனைச் சேர்ந்த எங்கள் முஸ்லிம் ஆட்களும் உண்டு, துறையூர், திருவெள்ளறைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. தலைவர் ரங்கராஜன் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், இங்கே ஸ்கூல் வாத்தியார்.

மலாயா சுதந்திரம் வாங்கிய மறு வருஷம் மஸ்தான் ராவுத்தர் இங்கே சுற்றிப் பார்க்க வந்தார். காந்தி மார்க்கெட் பக்கம் அவருக்குப் பெரிய எண்ணெய் மண்டி. அதற்குள்ளேயே ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு கட்டிக் கொடுத்திருந்தார். ரம்ஜான் வந்தால் ஏழை வீடுகளுக்கு எண்ணெய் அளப்பார், ஜாதி மதம் பார்க்க மாட்டார். ஊர்க்காரர் ஒருவர் இப்படி இருக்கிறாரே என்று எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. கப்பல் துறையிலிருந்து மாலையும் மேளமுமாக அழைத்து வந்தோம். மஞ்சள் பட்டுத் துணியில் தங்க மையால் உபசாரப் பத்திரம் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, சபையில் படித்துக் கையில் கொடுத்தோம். அதில்தான் “வள்ளல்” என்று பட்டம் சூட்டியிருந்தோம். வாசகம் ரங்கராஜன் எழுதியது, அச்சு நான். மனுஷர் கண் கலங்கிவிட்டார். பொய் இல்லை, பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஊருக்குப் போனதும் அவர் செய்த முதல் வேலை மண்டிக்குப் புது போர்டு எழுதி மாட்டியதுதான். “வள்ளல் எண்ணெய் மண்டி.” அதைப் போட்டோ பிடித்து எங்களுக்கும் அனுப்பி வைத்தார். சங்கத்துச் சுவரில் அவருடைய படத்துக்குக் கீழே அந்தப் போட்டோவையும் மாட்டினோம்.

3

போன வருஷம் நடந்தது உங்களுக்கே தெரியும், எனக்கும் ஊர்ப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்தது. மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் வரிசையாக ஜனங்களுக்குக் கால் வீங்கியது. முதலில் தண்ணீர்க் கோளாறு என்றார்கள். அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அப்புறம் சாவு. கடைசியில் டாக்டர்கள் கடலை எண்ணெயைச் சோதித்துப் பார்த்தார்கள். பிரம்மதண்டு விதையை ஆட்டிய எண்ணெய் அதில் கலந்திருந்தது. நம் பக்கத்தில் சாலையோரம் மஞ்சள் பூவோடு முள்ளுமுள்ளாக முளைத்துக் கிடக்குமே, ஆடுகூடக் கடிக்காதே, அதன் விதை. எண்ணெய் மஸ்தான் ராவுத்தருடைய மண்டியிலிருந்து போனது.

கோர்ட்டில் தெரியாமல் நடந்ததென்றார், வெளியூரில் மொத்தமாக வாங்கியதென்றார். கோர்ட்டு ஒத்துக்கொள்ளவில்லை. சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார்.

கால் வீங்கியவர்களைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது எந்த வார்டில் என்று நினைக்கிறீர்கள்? அவர் கட்டிக் கொடுத்த அதே வார்டில்தான். வாசல் நிலைக்கு மேலே அவர் பெயர் கல்லில் வெட்டியிருக்கிறது.

எங்கள் சங்கத்தில் பெரியசாமி என்று ஒருவர் இருக்கிறார். துறையூர்க்காரர், இங்கே துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி இருப்பார். அவருடைய அக்கா மார்க்கெட் வாசலில் கீரை விற்றுக்கொண்டிருந்தவர். அந்த வார்டில்தான் செத்துப்போனார். சேதி வந்த அன்று நாங்கள் எல்லாரும் பெரியசாமி வீட்டுக்குப் போனோம். அவர் டீ போட்டுக் கொடுத்தார். நான் குடிக்காமலே கீழே வைத்துவிட்டேன்.

4

ஜனங்களுக்குக் கால் வீங்க ஆரம்பிப்பதற்கு முந்தின ரம்ஜானுக்கு நான் ஊரில் இருந்தேன். ரொம்ப நாள் கழித்துப் போனதால் தங்கச்சி வீட்டிலேயே தங்கினேன். அவள் பெயர் ஜைனம்பு. அந்த வீட்டுக்கு மூத்த மருமகள். மாமியார் மௌத்தான பிறகு வீட்டு நிர்வாகம் முழுக்க அவள் கையில்தான்.

பிற்பகல் அஸர் தொழுகைக்கு அப்புறம் வாசலில் தெருப் பெண்கள் தூக்கும் சொம்புமாக வரிசையில் நிற்பார்கள். ஜைனம்பு ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, உழக்கால் எண்ணெய் அளந்து ஊற்றுவாள். நோன்பு வாயோடு வியர்க்க வியர்க்க ஊற்றுவாள். ஆள் வைத்துச் செய்யக் கூடாதா என்று கேட்டேன். “இது மாமாவோட ஸதகாண்ணே, தர்மக் காரியம். வீட்டு மனுஷி கையால ஊத்தினாத்தான் மரியாதை” என்றாள்.

நோன்பு திறந்து உட்கார்ந்தபோது சமோசா மணமாக இருந்தது. நல்ல எண்ணெயாக இருக்கிறதே, மண்டிச் சரக்கா என்று கேட்டேன். அவள் பெருமையாகத்தான் சொன்னாள்: “மண்டி எண்ணெய் நம்ம வீட்டுக்கு வராதுண்ணே. மாமா தனியா செக்குல ஆட்டிக் கொண்டாரச் சொல்லிருவாங்க.” பணக்கார வீட்டு ஷோக்கு என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு எடுத்துக் கடித்தேன்.

அந்த ஒரு பேச்சு இப்போது ராப்பகலாக என்னை அரிக்கிறது. மண்டி எண்ணெய் வீட்டுக்கு வேண்டாம் என்று ஒரு மனுஷன் ஏன் சொல்வான்? ஜைனம்புவிடம் இதைக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவள் ஊற்றிய வீடுகளில் எத்தனை வீட்டில் கால் வீங்கியது என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

தீர்மான விஷயம் கிளம்பிய அதே வாரத்தில் அவளிடமிருந்து சேதி வந்தது. அவள் மகள் மும்தாஜுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீடு புதுக்கோட்டைப் பக்கம். கோர்ட்டு விவகாரத்தில் ஒரு தடவை பின்வாங்கி, மறுபடியும் ஒருவழியாகச் சம்மதித்திருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் பத்திரிகை பினாங்கில் என் அச்சகத்தில்தான். நல்ல அட்டை, வெள்ளி மை, தாய்மாமன் சீரோடு அதுவும் ஒரு சீர். இந்தத் தடவையும் அப்படியே அடித்து அனுப்பச் சொல்லியிருந்தாள். கூடவே ஒன்று. மாமா பேருக்கு முன்னால் வள்ளல் என்று போட மறந்துவிடாதீர்கள், பழைய பத்திரிகையில் எல்லாம் இருந்தது, இதில் இல்லை என்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள், ஊர் என்ன பேசும், அவர் மனசு உடைந்துவிடும் என்று எழுதியிருந்தாள்.

ஒரு பக்கம் வள்ளல் பட்டம் வாபஸ் என்று நோட்டீஸ். இன்னொரு பக்கம் வள்ளல் அவர்களின் பேத்தி என்று கல்யாணப் பத்திரிகை. இரண்டும் ஒரே மிஷினில், ஒரே கையால்.

“வள்ளலை எடுத்துட்டு அடிங்க, அப்புறம் பாருங்க, உங்க தங்கச்சி உங்களுக்கே ஒரு பத்திரிகை அனுப்பி வைப்பா” என்றாள் ஆமினா. செய்தூன், பத்திரிகை வருவது நல்லதுதானே என்று கேட்டாள். எங்கள் வழக்கம் அவளுக்குத் தெரியாது. நிக்காஹ் பத்திரிகை அடுத்தவருக்கு வைப்பது. கூடப்பிறந்தவனுக்கு வைக்க மாட்டோம். அவன் அழைக்கப்படுகிறவன் இல்லை, அழைக்கிறவன். அண்ணனுக்குப் பத்திரிகை வந்தது என்றால் இனிமேல் நீ ஊராரில் ஒருத்தன் என்று அர்த்தம். சித்தப்பா முறையில் என் சாச்சா ஒருத்தருக்கு அப்படி வந்தது. அதற்கப்புறம் அவர் அந்த வீட்டு வாசல் மிதிக்கவே இல்லை.

5

கூட்டத்துக்கு முன்னால் தலைவர் என்னைச் சங்கப் பதிவு ஆபீசுக்கு அனுப்பினார். எதையும் சட்டப்படி செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. அங்கே இருந்த மலாய் அதிகாரி ரொம்ப மரியாதையானவர். நான் என் ஓட்டை மலாயில் விஷயத்தைச் சொன்னேன். பட்டத்துக்கு மலாயில் “கெலாரான்” என்று சொல்ல வேண்டும். எனக்கு வாயில் வந்தது வீட்டில் மகள் சொன்ன சொல். “ஒரு பெரியவருடைய லாயாங்-லாயாங்கைத் திரும்ப வாங்க வேண்டும், ஐயா” என்று சொல்லிவிட்டேன். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, அது மரத்தில் மாட்டிக்கொண்டதா என்று கேட்டார்.

ஒருவழியாகப் புரிந்ததும் அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: இந்த நாட்டில் பட்டம் கொடுக்கிற அதிகாரம் அரசருக்கும் சுல்தான்களுக்கும்தான் உண்டு. உங்கள் சங்கத்துக்குக் கிடையாது. கொடுக்காத ஒன்றை எப்படித் திரும்ப வாங்குவீர்கள்? ஆகவே தீர்மானம் தேவையில்லை.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. சைக்கிளில் திரும்பும்போது கொஞ்சம் பாட்டுக்கூட வந்தது. பட்டமே இல்லை, பிரச்சினையே இல்லை, பத்திரிகையைத் தங்கச்சி கேட்டபடி அடித்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் இதைச் சொன்னேன். பலபேர் தலையாட்டினார்கள். ரங்கராஜனுக்கும் அதுதான் ஆசை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அபசாரம் என்றார். அவர் செய்த தர்மம் பொய்யாகிவிடுமா, அந்த வார்டில் பிழைத்து எழுந்தவர்கள் இல்லையா, இன்றைக்கு இவர் பெயரை அழித்தால் நாளைக்கு எவன் ஆஸ்பத்திரி கட்ட முன்வருவான் என்று கேட்டார். ஊர் நகரசபையிலும் வார்டுப் பெயர் விஷயமாக இதே பேச்சுத்தான் நடப்பதாகக் கேள்வி. வேறு ஒருவர், ஹாஜி என்று போடுகிறாரே அதையும் எடுத்துவிடலாமா என்று குத்தலாகக் கேட்டார். அதற்கு மட்டும் எனக்கு ரோஷம் வந்தது. ஹஜ் அவர் மக்காவுக்குப் போய்ச் செய்தது, அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில். வள்ளல் நாம் கொடுத்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள் என்றேன். சொல்லி முடித்ததும்தான் நான் எந்தப் பக்கம் பேசினேன் என்று எனக்கே உறைத்தது. கொடுக்கவே இல்லை என்று வாதாட வந்தவனே கொடுத்தோம் என்று சொல்லிவிட்டேன்.

அப்போது பெரியசாமி எழுந்தார். அவர் சபையில் எழுந்து பேசி நான் பார்த்ததே இல்லை.

“எங்க அக்காவுக்குப் படிக்கத் தெரியாதுங்க. அதனால வார்டு வாசல்ல யாரு பேரு இருக்குன்னு தெரியாமலே படுத்துக் கிடந்துச்சு. அது ஒரு வகையில நல்லதுதான். ஆனா மண்டி போர்டையும் அது படிக்கலைங்க. வீட்டுக்குப் பக்கத்துலயே கடை இருந்துச்சு. அதை விட்டுட்டு ஏன் அம்புட்டுத் தூரத்துலேருந்து வாங்கிச் சுமந்துட்டு வர்றேன்னு முந்தி ஊருக்குப் போனப்போ கேட்டேன். ‘எல்லாரும் வள்ளல் கடை, வள்ளல் கடைங்கிறாங்கடா, வள்ளல் கொடுக்கிறது நல்லாத்தானே இருக்கும்’னுச்சு. அந்தச் சொல்லு நாம இங்கேருந்து அனுப்பினதுங்க. ஆபீசர் சொன்ன மாதிரி நாம அதைக் கொடுக்கவே இல்லைன்னா, அக்கா எதை நம்பிப் போச்சு?”

உட்கார்ந்துவிட்டார்.

ரங்கராஜன் ஸ்ரீரங்கத்துப் பேச்சில் மெதுவாகச் சொன்னார்: “எங்க ஊர்ல பெருமாள் சந்நிதியில பரிவட்டம் கட்டறா. எத்தனை பெரிய மனுஷாளா இருந்தாலும் கொஞ்ச நாழியில அவிழ்த்துட்டுத்தான் வெளியில அனுப்பறது. அதைத் தலையில கட்டிண்டே எவனும் கடையில உட்கார்ந்து வியாபாரம் பண்றதில்லை. நாமதான் அவிழ்க்காம அனுப்பிட்டோம். அடியேன் எழுதின வாசகம், அடியேனே முதல்ல கையெழுத்துப் போடறேன்.”

அவருக்கு அடுத்த கையெழுத்துக் காரியதரிசியுடையது. பேனாவை வாங்கினேன். ஜைனம்புவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். பட்டம் என்பது எப்போதோ கொடுத்து முடிந்துபோன மாலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை, அது தினமும் கடையைத் திறந்து உட்கார்ந்து வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. அதை நிறுத்தினால் செத்தவர் வரப்போவதில்லை. நிறுத்தாவிட்டால் அடுத்த ஆள் அதை நம்பித் தூக்கை நீட்டுவாள். இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

6

நோட்டீசை முதலில் அடித்தேன். உபசாரப் பத்திரத்துக்கு வாய்பாடு உண்டு, “சகல கலாநிதியே, தயாளமூர்த்தியே” என்று கண்ணை மூடிக்கொண்டு கோத்துவிடலாம். எடுத்துக்கொள்வதற்கு வாய்பாடு எதுவும் கிடையாது. எத்தனையோ எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடைசியில் சாதாரணமாக எழுதினேன்: “முன்பு எங்கள் சங்கம் திரு. மஸ்தான் ராவுத்தர் அவர்களுக்கு அளித்த வள்ளல் என்ற பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். இனி அச்சொல்லை நம்பி யாரும் எதையும் வாங்க வேண்டாம்.” இரண்டாவது வாக்கியம் வேண்டுமா என்று ரங்கராஜன் தயங்கினார். வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

நோட்டீஸ் அடித்து முடித்ததும் ஈய எழுத்துகளைக் கலைத்து அறைப்பெட்டியில் அதது இடத்தில் போட்டேன். வ ஒரு அறை, ள் ஒரு அறை. பிறகு பத்திரிகையைக் கோக்க உட்கார்ந்தேன். மணமகள் பெயர் வந்தது, தகப்பனார் பெயர் வந்தது, பாட்டனார் பெயருக்கு வந்ததும் கை தானாக வ அறைக்குப் போனது. எத்தனை வருஷப் பழக்கம்! அரை நாள் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆமினா சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

“ஹாஜி மஸ்தான் ராவுத்தர் அவர்களின் பேத்தியும்” என்று கோத்து, மிஷினில் ஏற்றினேன்.

அட்டைகளைக் கட்டும்போது பெரியசாமி கடைக்கு வந்தார். அக்காவுக்கு வருஷத் திதி வருகிறது, ஊருக்குப் போகிறேன் என்றார். கட்டைப் பார்த்தார். யார் வீட்டுப் பத்திரிகை என்று அவருக்குத் தெரியும். நான் எதையோ எடுத்து அதன் மேல் மறைக்கப் பார்த்தேன்.

“பார்சல்ல போட்டா நசுங்கிரும். நான் கொண்டுபோய்க் குடுத்துர்றேன்.”

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அந்த வீட்டு வாசலில் நீங்கள் போய் நிற்பதா, என்னால் தாங்க முடியாது என்றுகூடச் சொன்னேன். “உங்க தங்கச்சிக்கு அண்ணன் சீரு. அது கசங்கப்படாதுல்ல” என்று சொல்லிக் கட்டை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஜைனம்புவுக்கு நான் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: சங்கத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன், அதனால் பத்திரிகையில் அந்தச் சொல்லை என்னால் போட முடியவில்லை.

7

கப்பல் போனதிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வெளியே ஓடிப்போய்ப் பார்ப்பேன். சதுரமான உறை ஏதாவது வந்தால் கையால் தொடவே பயம், ஆமினாவைப் பிரிக்கச் சொல்வேன். ஒரு தடவை வாடிக்கைக்காரர் ஒருவர் மாதிரிக்காகக் கல்யாணப் பத்திரிகை ஒன்றை உறையில் போட்டுக் கடை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைப் பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். செய்தூன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, “உங்க ஊர்ல ஒரு சொல்லுக்கு இவ்வளவா, அத்தா?” என்று கேட்டாள். இவ்வளவுதான் என்றேன்.

நிக்காஹ் நாள் வந்தது, போனது. அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. பள்ளிவாசலில் மும்தாஜுக்காக துஆ கேட்டுவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் பெரியசாமி திரும்பி வந்தார். நேரே அச்சகத்துக்குத்தான் வந்தார். ஊர் முறுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து மேஜைமேல் வைத்தார். நான் அடித்த அட்டை, வெள்ளி மை. ஆமினா சொன்னபடியே ஆகிவிட்டது, அதையும் இந்த மனுஷர் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டாளே என்று நினைத்துக்கொண்டேன்.

“இது எனக்கு வச்சதுங்க” என்றார் பெரியசாமி.

அட்டையைத் திருப்பிக் காட்டினார். உறைமேல் ஜைனம்பு கையெழுத்தில் அவர் பெயர்தான் இருந்தது.

அப்புறம் நடந்ததைச் சொன்னார். அவர் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் ஜைனம்பு பிரித்துப் பார்த்திருக்கிறாள். நான் சொல்லி அனுப்பியதைக் கேட்டுக்கொண்டாள். ஊர் எது, என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டாள். அக்கா திதி என்று இவர் சொன்னார். எந்த அக்கா என்றும் சொன்னார். ஜைனம்பு உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்து, நாளைக்குச் சாப்பிட வாருங்கள் என்றாள்.

அடுத்தநாள் இவர் போயிருக்கிறார். கூடத்தில் மஸ்தான் ராவுத்தர் பத்திரிகைகளைச் சுற்றிலும் பரப்பிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். ஒவ்வோர் அட்டையிலும் ஹாஜிக்கு முன்னால் இருந்த கொஞ்ச இடத்தில் “வள்ளல்” என்று தன் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தார். எழுத்துக் கோணிப்போன அட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாராம். யாரும் அவரைத் தடுக்கவில்லை. இவர் வந்ததையும் அவர் கவனிக்கவில்லை.

“பார்த்ததும் கோவந்தான் வரும்னு நினைச்சேங்க. வரல. இவ்வளவு எடமிருக்கிற வீட்டுல அந்தச் சொல்லுக்கு எடம் தேடுறாரேன்னுதான் இருந்துச்சு.”

நான் மேஜையில் கிடந்த அட்டையைப் பார்த்தேன். இதில் எழுதியிருக்கவில்லை. ஹாஜிக்கு முன்னால் வெறும் இடம், நான் அடித்தபடியே இருந்தது.

“அவரு எழுதுறதுக்கு முன்னாடியே ஒரு கட்டை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால மறைச்சு வச்சிருந்துச்சுங்க, உங்க தங்கச்சி. தான் எண்ணெய் ஊத்தின வீட்டுக்கெல்லாம் அந்தக் கட்டுலேருந்துதான் வச்சுச்சு. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு, ‘எங்க அண்ணன் அடிச்சது இதுதான்’னு சொல்லிக் குடுத்துச்சு. நான்தான் கூட நடந்தேன். சில வீட்டுல வாங்கிக்கிட்டாங்க. சில வீட்டுல கதவே திறக்கல. திறக்காத வீட்டுலயும் நின்னுட்டுத்தான் வந்துச்சு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதை மென்று விழுங்கி, கடைசியில் கேட்டேவிட்டேன். எனக்கு என்று எதுவும் கொடுத்து அனுப்பவில்லையா?

“கேட்டேங்க. உங்க அண்ணனுக்கு ஒரு பத்திரிகை குடுங்கம்மா, கொண்டுபோறேன்னு கேட்டேன்.” பெரியசாமி தன் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். “ஒரு பார்வை பார்த்துச்சு பாருங்க. ‘அண்ணனுக்கு யாராவது பத்திரிகை வைப்பாங்களா?’ன்னு கேட்டுட்டு உள்ள போயிருச்சு.”